கடனும் பேணலும்: சாந்தன்பாறைத் தோட்டக் குடும்பங்களை முன்வைத்துத் தலைமுறை அறம் குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

தமிழில் 'கடன்' என்னும் சொல் இரு பொருள்களில் வழங்குகிறது. ஒருவன் செய்தே ஆகவேண்டிய கடமை என்பது ஒன்று. பெற்றதைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருட்கடன் என்பது மற்றொன்று. பண்டை இலக்கியங்களில் முதற்பொருளே பெருவழக்காக உள்ளது. இக்கால வழக்கில் இரண்டாம் பொருள் முதலிடம் பெற்றுவிட்டது. இம்மாற்றத்தைச் சொல்வரலாறு சார்ந்த செய்தியாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையிலான உறவைத் தமிழ்க் குடும்பம் எவ்வாறு உணர்கிறது என்னும் வினாவும் இதனுள் அடங்கியுள்ளது. பிள்ளை பெற்றோரைப் பேணுவது கடமையா, அல்லது வளர்த்ததற்கு ஈடாகச் செலுத்தும் தவணையா? நெருக்கடி நேரும்போது ஒரு தலைமுறையின் மனச்சுமையை எந்தத் தலைமுறை, எவ்வளவு சுமப்பது அறமாகும்? இவ்வினாக்களைக் கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் சாந்தன்பாறை வட்டாரத்தையும் அதனை அடுத்துள்ள மலைத்தோட்டப் பகுதிகளையும் களனாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சாந்தன்பாறையும் தமிழ்க் குடும்பங்களும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறினால் பூப்பாறையை அடையலாம். அங்கிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள ஊர் சாந்தன்பாறை. ஏலமலைகள் என வழங்கப்பெறும் இப்பகுதியில் ஏலமே முதன்மைப் பயிர். மிளகும் காப்பியும் தேயிலையும் அதனோடு விளைகின்றன. தோட்டங்களில் உழைப்போருள் பெரும்பகுதியினர் தமிழர். இவர்களை இரு பிரிவினராகக் காணலாம். தலைமுறைகளாகத் தோட்ட லயங்களிலேயே குடியிருப்போர் ஒரு பிரிவினர். தேனி மாவட்டத்தின் போடி, தேவாரம், கம்பம் முதலிய ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகளில் ஏறி வந்து, காய் எடுப்பு முடித்து, அந்திக்குள் மலையிறங்கும் பெண்கள் மற்றொரு பிரிவினர்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு இணைந்தன. இடுக்கி தனி மாவட்டமாக அமைந்தது 1972ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள். எல்லைக்கோடு நாட்டுப்படத்தில் வரையப்பெற்றது எனினும் அது குடும்பங்களின் ஊடாகவும் சென்றது. பாட்டன் கீழே தமிழக ஊரில், மகன் மேலே லயத்தில், பேரன் மலையாளப் பள்ளியில் என ஒரே குடும்பம் மூன்று உலகங்களில் வாழ நேர்ந்தது. பாட்டி தமிழில் எழுதச் சொல்லி அனுப்பும் கடிதத்தைப் பேரப்பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையும், மகன் வீட்டுக்கு வரும் அரசு அறிவிக்கையைப் பாட்டியால் படிக்கவே இயலாத நிலையும் இத்தகைய வாழ்வின் விளைவுகளாகும்.

கடன் உணர்த்தும் அறம்

புறநானூற்றின் 312ஆம் பாடல் பொன்முடியார் பாடியது. தலைமுறைக் கடமைகளைத் தொகுத்துரைக்கும் தொன்மையான சான்றுகளுள் அது ஒன்று. ஈன்று வளர்த்தல் தாய்க்கும், சான்றோனாக்குதல் தந்தைக்கும், வேல் வடித்துத் தருதல் கொல்லனுக்கும், நல்வழிப்படுத்தல் வேந்தனுக்கும் உரிய கடன்களாக அப்பாடலில் கூறப்பெறுகின்றன. போர்க்களம் சென்று மீளுதல் இளைஞனுக்கு உரிய கடன். இப்பாடல் மறக்குடியின் வீரத்தைக் காட்டுவதாகவே பெரிதும் எடுத்துரைக்கப்படுகிறது. எனினும் அதன் அமைப்பில் வேறிரு செய்திகள் உள்ளன.

முதலாவது, கடன்கள் செல்லும் திசை. தாயும் தந்தையும் ஆற்றுவது பிள்ளைக்கு. பிள்ளை ஆற்றுவதோ பெற்றோருக்கு அன்று. தான் வாழும் சமூகத்திற்கு. பெற்றதைப் பெற்றவரிடமே திருப்பிச் செலுத்தும் கணக்கு அங்கு இல்லை. இரண்டாவது, பிள்ளையை உருவாக்கும் பொறுப்பு பெற்றோரோடு நின்றுவிடவில்லை. கொல்லனும் வேந்தனும் அதில் பங்கேற்கின்றனர். தொழிற்சமூகமும் அரசும் தத்தம் பங்கை ஆற்றினால் அன்றித் தாய்தந்தையரின் கடன் நிறைவுறாது என்பது பாடலின் உட்கிடை எனலாம்.

திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரமும் இங்கு நோக்கத்தக்கது. தந்தை மகனுக்குச் செய்வதை வள்ளுவர் 'நன்றி' என்றும், மகன் தந்தைக்குச் செய்வதை 'உதவி' என்றும் குறிக்கிறார். இரண்டிடத்தும் 'கடன்' என்னும் சொல் இல்லை. மகன் செய்யும் உதவியாக அவர் காட்டுவதும் பொருளன்று. இத்தகைய மகனைப் பெறத் தந்தை என்ன தவம் செய்தானோ என ஊரார் வியக்குமாறு வாழ்தலே அது. மகன் தன் வாழ்வைச் சிறப்புற வாழ்வதே தந்தைக்குச் செய்யும் உதவியாகிறது. ஒப்புரவறிதல் அதிகாரத்தின் முதற்குறள் மழையை உவமையாக்கி, கடப்பாடு கைம்மாறு கருதாதது என்று தெளிவுபடுத்துகிறது. ஆகவே கடன் என்பதைக் கொடுக்கல்வாங்கலாகக் காண்பது தமிழ் அறமரபின் மையக் கருத்து அன்று என்று கொள்ள இடமுண்டு.

கடமை கடனாக மாறுதல்

தோட்ட வாழ்வில் இவ்வறம் எவ்வாறு திரிகிறது என்பதை இனிக் காணலாம். மலைத்தோட்டத் தொழிலாளர் வரலாறு முன்பணத்தோடு தொடங்குவது. கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்தது. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல் இரா. முருகவேளால் 'எரியும் பனிக்காடு' என்னும் பெயரில் தமிழாக்கம் பெற்றது. அது இக்கடன்பிணைப்பை விரிவாகக் காட்டுகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களனாகக் கொண்ட புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யில் மருதியின் துயரம் மகள் வெள்ளைச்சியின் வாழ்விலும் தொடர்கிறது. கடன் ஒரு தலைமுறையோடு முடிவதில்லை என்பதை இவ்விரு படைப்புகளும் உணர்த்துகின்றன.

கங்காணி முறை மறைந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் முதலியவற்றை நிருவாகத்தின் பொறுப்பாக்கியது. இது பெரும் முன்னேற்றமே. எனினும் குடியிருப்பு என்பது வேலையோடு பிணைந்தே இருந்தது. பணி ஓய்வு பெறுவோர் வீட்டை ஒப்படைக்கவேண்டும். பிள்ளைகளுள் ஒருவர் அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால் குடும்பம் அவ்வீட்டிலேயே தொடரலாம். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலமாக நிலவும் இவ்வழக்கம் அறவியல் நோக்கில் ஆழ்ந்து எண்ணத்தக்கது.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தாய்க்கு ஓய்வு பெறும் வயது நெருங்குகிறது. மகள் செவிலியர் படிப்பை முடிக்கும் நிலையில் உள்ளாள். பாட்டி அதே லயத்தின் அடுத்த அறையில் நோயுற்றுக் கிடக்கிறாள். மகள் வெளியூர் வேலைக்குச் சென்றால் தாயும் பாட்டியும் வீட்டை இழப்பர். தோட்ட வேலையில் சேர்ந்தாலோ, அவள் படிப்புக்காகத் தாய் பட்ட பாடு அனைத்தும் பொருளற்றுப் போகும். எவ்வழியைத் தேர்ந்தாலும் அவளுக்குக் குற்றவுணர்வே எஞ்சும். இங்கு மகளுக்கு அன்பில்லை என்றோ தாய்க்குத் தன்னலம் என்றோ கூறமுடியாது. இருவரும் ஒருவரையொருவர் நேசிப்பதாலேயே இச்சிக்கல் எழுகிறது. அன்பைப் பிணையாக வைத்து ஒரு கூரை தரப்படுகிறது. கடமை என்னும் கடன் இவ்வாறு பொருட்கடனாக உருமாறுகிறது.

குடும்ப உளவியலில் இதனையொத்த கருத்து ஒன்று உண்டு. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளமருத்துவர் இவான் போசோர்மெனி-நாகி 1973இல் ஜெரால்டின் ஸ்பார்க்குடன் இணைந்து வெளியிட்ட நூலில், ஒவ்வொரு குடும்பமும் கண்ணுக்குப் புலனாகாத ஒரு பேரேட்டைப் பேணுகிறது என்றார். தனக்கு நேர்ந்த அநீதிக்கு உரியவரிடம் ஈடு பெற இயலாதவர், அதனைத் தம்மை அறியாமலே அடுத்த தலைமுறையிடம் கேட்கிறார் என்பது அவர் சிந்தனையின் சாரம். தோட்டத்தில் தனக்கு மறுக்கப்பட்டதை நிருவாகத்திடமும் அரசிடமும் கேட்டுப் பெறமுடியாத தாய், "உனக்காகத்தானே இவ்வளவும் பட்டேன்" என்று மகளிடம் கூறும்போது அப்பேரேடு திறக்கிறது. அக்கணக்கில் கடன்பட்டவளாக எழுதப்பெறுபவள் உண்மையில் எதையும் வாங்காதவள்.

துயரின் நிலைக்களன்கள்

மனத்துயர் ஒருவரின் அகத்தே தோன்றும் தனிமனித நிகழ்வு என்னும் எண்ணம் இன்று பரவியுள்ளது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இதற்கு மாறான நோக்குடையது. எண்வகை மெய்ப்பாடுகளுக்கும் தனித்தனியே நந்நான்கு நிலைக்களன்களை வகுத்து, உணர்வு எங்கிருந்து பிறக்கிறது என்பதை அது முதலில் வினவுகிறது. அழுகை பிறக்கும் இடங்களாக அது காட்டுபவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு. பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றாரையோ உடைமையையோ இழத்தல் இழவு. முன்னைய நிலை கெட்டு வேறொரு நிலையுற்று வருந்துதல் அசைவு. இந்நான்கும் மலைத்தோட்டக் குடும்பங்களின் அண்மைக்கால வரலாற்றில் நேர்ந்துள்ளன.

2011ஆம் ஆண்டின் இறுதியில் முல்லைப்பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது, உடும்பன்சோலை வட்டாரத் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் அஞ்சித் தேனி மாவட்டத்திற்கு இறங்கின. பிறந்து வளர்ந்த இடத்தில் அயலாராக நோக்கப்பட்டது அவர்களுக்கு நேர்ந்த இளிவு. இளைய தலைமுறையின் குழப்பம் இதில் தனித்தன்மை வாய்ந்தது. முதியோருக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் நினைவிலேனும் இருந்தது. மலையிலேயே பிறந்த பிள்ளைகளுக்கோ சொந்த ஊர் என்பது பாட்டி சொல்லிக் கேட்ட கதையாகவே இருந்தது.

2015ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாற்றில் 'பொம்பிளை ஒருமை' என்னும் பெயரில் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைமைகளை ஒதுக்கிவிட்டுத் தாமே போராடினர். அப்போது அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். 20 விழுக்காடு போனசை அவர்கள் வென்றெடுத்தனர். தொடர்ந்த பேச்சுவார்த்தைகளின் பின் கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. வறுமை என்னும் நிலைக்களனுக்கு இது சான்று. எனினும் அழுகைக்குரிய களன் பெருமிதத்திற்குரிய களனாகவும் மாறக்கூடும் என்பதை இந்நிகழ்வு காட்டியது. பிள்ளைகளிடம் சொல்லிப் புலம்பியதைச் சாலையில் உரியவரிடம் கேட்டமை, குடும்பத்தின் பேரேட்டிலிருந்த ஒரு கணக்கைச் சரியான முகவரிக்கு மாற்றிய செயலாகும்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு பெருவெள்ளம் ஏலத்தோட்டங்களை அழித்தது. வரத்துக் குறைந்ததால் 2019இல் ஏலக்காய் கிலோ 7000 ரூபாய் வரை ஏலம்போனது. 2022இலோ சராசரி விலை 1000 ரூபாய்க்கும் கீழே சென்றது. இடையே 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்து போடிமெட்டு எல்லை மூடப்பட்டது. நாள்தோறும் மலையேறிய பெண்கள் வருவாயின்றி வீட்டில் முடங்கினர். மேலும் கீழுமாகப் பிரிந்த குடும்பங்கள் பிரிந்தபடியே நின்றன. வீட்டுக்குப் படியளந்தவள் மகனிடம் கைநீட்டும் நிலைக்கு ஆளாதல் தொல்காப்பியர் கூறும் அசைவு.

இழவின் கொடிய சான்று பெட்டிமுடி. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. இறந்தோர் பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். ஒரே வரிசை வீடுகளில் பல தலைமுறைகள் சேர்ந்து வாழ்ந்தமையால், ஓரிரவில் ஒரு குடும்பத்தின் முன்னோரும் வழித்தோன்றலும் ஒருங்கே மறைய நேர்ந்தது. துயரை ஆற்றும் உறவே துயரோடு போய்விட்டால் எஞ்சியவர் யாரிடம் ஆறுதல் பெறுவது? குடும்பமே மனநலத்திற்கு அரண் என்னும் கூற்று எவ்வளவு தாங்கும் என்பதைப் பெட்டிமுடி சோதித்துக் காட்டியது.

அச்சத்தின் நிலைக்களன்களுள் ஒன்றாக விலங்கைத் தொல்காப்பியம் குறிப்பிடும். சாந்தன்பாறை, சின்னக்கானல் பகுதிகளில் அரிசி தேடி வீடுகளையும் நியாயவிலைக் கடையையும் உடைத்த 'அரிக்கொம்பன்' என்னும் யானை 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் பிடிக்கப்பட்டது. இரவில் ஓசை கேட்டால் யார் முதலில் விழிப்பது, முதியவரை யார் தூக்குவது, குழந்தையை யார் எடுப்பது என்பது அவ்வீடுகளில் எழுதப்படாத ஒழுங்கு. தலைமுறை உறவு அங்கே உறக்கத்திலும் பணியாற்றுகிறது.

மௌனத்தின் இரு முகங்கள்

நெருக்கடிகளில் இக்குடும்பங்கள் கைக்கொள்ளும் முதன்மையான வழி மறைத்தல். முழங்கால் வலியைத் தாய் மகளிடம் சொல்வதில்லை. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவாள் என்னும் அச்சம். வெளியூரில் வேலை பறிபோனதை மகன் வீட்டுக்குத் தெரிவிப்பதில்லை. தெரிந்தால் அம்மாவுக்கு உறக்கம் போய்விடும் என்னும் கவலை. தொலைபேசியில் இருபுறமும் "நல்லா இருக்கோம்" என்னும் ஒரே சொல்லே பரிமாறப்படுகிறது.

இம்மறைப்பு அறமா? வாய்மை அதிகாரம் இதற்கு இடம் தருவதாகத் தோன்றும். தீமை பயவாத சொல்லே வாய்மை என்றும், குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் வள்ளுவர் வரையறுக்கிறார். ஆயின் விளையும் நன்மை குற்றமற்றதாதல் வேண்டும் என்னும் நிபந்தனையை அவர் விட்டுவிடவில்லை. நீடித்த மறைப்பு இந்நிபந்தனையை நிறைவு செய்வதில்லை. மறைக்கப்பட்ட துயர் முகத்திலும் குரலிலும் கசிகிறது. காரணம் அறியாத பிள்ளை, தாயின் வாட்டத்திற்குத் தானே காரணம் எனக் கருதிக்கொள்கிறது. மகனின் சுருங்கிய பேச்சைத் தாய் அன்புக்குறைவாக எண்ணுகிறாள். துயரைத் தடுக்க எழுப்பிய சுவர் உறவையும் தடுத்துவிடுகிறது.

அதே வேளையில் அனைத்தையும் கொட்டித் தீர்த்தலும் தீர்வாகாது. பத்து வயதுக் குழந்தையிடம் கடன்காரர் வந்த கதையைச் சொல்லி அழும் தாய், அக்குழந்தையைத் தனக்குத் தாயாக்குகிறாள். ஆகவே 'சொல்லலாமா, மறைக்கலாமா' என்னும் வினாவினும், சொல்வது எதன்பொருட்டு என்னும் வினாவே அறத்திற்கு நெருக்கமானது. நிலைமையை அறிவிக்கும் பொருட்டுச் சொல்வது ஒன்று. சுமையை மாற்றி ஏற்றும் பொருட்டுச் சொல்வது மற்றொன்று. "எனக்கு முழங்கால் வலி, இதற்கு நீ காரணமில்லை, உன் படிப்பு நிற்க வேண்டியதும் இல்லை" என்று கூறும் தாய் உண்மையையும் சொல்கிறாள், மகளை விடுவிக்கவும் செய்கிறாள்.

ஓர் எதிர்வாதம்

பெற்றோரைப் பேணுதல் கடன்தீர்ப்பு அன்று எனின், முதியோர் கைவிடப்படுவதற்கு இது வழிவகுக்காதா என்னும் ஐயம் எழலாம். இவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. மலையிலிருந்து கோவைக்கும் திருப்பூருக்கும் கொச்சிக்கும் இளையோர் செல்லும் இந்நாளில் லயங்களில் தனித்திருக்கும் முதியோர் கற்பனை மாந்தர் அல்லர். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டதே இக்கவலையின் விளைவுதான். பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெறும் உரிமையை அது முதியோருக்கு வழங்கியது; மாதத்திற்கு 10,000 ரூபாய் என்னும் மேல்வரம்பையும் விதித்தது.

இவ்வெதிர்வாதத்திற்கு விடை காண, பேணுதலையும் இடம்நிரப்புதலையும் வேறுபடுத்துதல் வேண்டும். நோயில் உடனிருத்தல், பசியாற்றல், தனிமை போக்குதல் ஆகியன பேணுதல். தாய் நின்ற இடத்தில் தான் நின்று, தாய் தூக்கிய கூடையைத் தான் தூக்கி, தாயின் வாழ்வையே மீண்டும் வாழ்தல் இடம்நிரப்புதல். முன்னது பிள்ளையின் அறம். பின்னதனைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கும் இல்லை. அதனைக் கட்டாயமாக்கும் உரிமை எந்தக் குடியிருப்பு முறைக்கும் இல்லை. கடன் என எண்ணிச் செய்யும் பேணல் தவணை முடிந்ததும் நின்றுபோகும். கைம்மாறு கருதாத கடப்பாடாக உணரப்பெறும் பேணலுக்கே முடிவு இல்லை. ஆகவே கடன்கணக்கிலிருந்து உறவை விடுவிப்பது முதியோரைக் கைவிடுதல் ஆகாது. அவர்களுக்கு உறுதியான பாதுகாப்பாகவே அமையும்.

சட்டத்தின் நோக்கும் இங்கு நிறைவுடையதாக இல்லை. பிள்ளையின் கடமையை வரையறுத்த அரசு, முப்பது நாற்பது ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்த முதியவள் ஓய்வுபெறும் நாளில் எங்குச் சென்று படுப்பாள் என்னும் வினாவைப் பெரிதும் குடும்பத்திடமே விட்டுவிட்டது. பிசிராந்தையார் இதனை வேறுவிதமாகக் கண்டார். ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் வினவியோர்க்கு அவர் கூறிய விடையாகப் புறநானூற்றின் 191ஆம் பாடல் அமைகிறது. மாண்புடைய மனைவி மக்களை அவர் முதலில் கூறினார். ஆனால் அத்தோடு நிறுத்தவில்லை. ஒத்த கருத்துடைய ஏவலரையும், அல்லவை செய்யாத அரசனையும், தம் ஊரில் வாழும் அடக்கமுடைய சான்றோரையும் சேர்த்தே கூறினார். கவலையற்ற முதுமைக்குக் குடும்பம் வேண்டும். குடும்பம் மட்டும் போதாது என்பது அவர்தம் பட்டறிவு. சாந்தன்பாறையின் முதிய தொழிலாளிக்கு அந்நான்கனுள் முதலாவது வாய்த்திருக்கலாம். ஏனையவை வாய்க்காதபோது அவற்றின் சுமையும் முதலாவதன் மீதே ஏறுகிறது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. தமிழ் அறமரபில் தலைமுறைக் கடன் திருப்பிச் செலுத்தும் கணக்காக அமையவில்லை. முன்னோக்கிச் செல்லும் கடப்பாடாகவே அமைந்தது. தோட்ட வாழ்வில் உறைவிடம் உழைப்போடு பிணைக்கப்பட்டதால் அக்கடப்பாடு பொருட்கடனாகத் திரிந்து, ஒருவரையொருவர் நேசிப்போரிடையே குற்றவுணர்வையும் மௌனத்தையும் விளைவித்தது. இதனைத் தீர்க்கும் பொறுப்பு குடும்பத்திற்கு மட்டும் உரியதன்று. பொன்முடியாரின் பாடலில் கொல்லனும் வேந்தனும் பெற்ற பங்கு இன்று தொழில் நிருவாகத்திற்கும் அரசுக்கும் உரியது.

குடும்பம் தன்னளவில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தாய் தன் உழைப்பை மகளின் பெயரில் பற்று எழுதாதிருக்கலாம்; மகள் தாயின் முதுமையைத் தன் பொருளிழப்பாகக் கணக்கிடாதிருக்கலாம். ஓய்வு பெற்ற தாய் ஒப்படைக்கும் வீட்டுச் சாவி மகளின் கழுத்தில் தாலியைப்போல் விழாதிருக்க வேண்டுமெனின், அம்முதியவளுக்கென ஒரு வீடு வேறிடத்தில் இருத்தல் வேண்டும். அவ்வீடு அமையும்வரை, மனநலம் குறித்து மலைத்தோட்டக் குடும்பங்களுக்கு வழங்கப்பெறும் அறிவுரைகள் அனைத்தும் பாதி உண்மையாகவே நிற்கும்.